சும்மா நடக்கிறவள்

என்னிடமிருந்த உடுப்பெல்லாம் விடுதியின் சலவை இயந்திரத்துக்குள் சுற்றிக்கொண்டிருந்தன. உடம்பில் மிஞ்சியது மழைக்கோட்டும் மழைக்காற்சட்டையும்தான். வெளியே கண்ணைக் குத்துகிற வெயில். மழைக்கோட்டின் நிறம் வேறு செம்மஞ்சள். மலையில் எங்காவது விழுந்து கிடந்தால் ஹெலிகொப்டர்காரனுக்குத் தெரியவேண்டும் என்று மகள் தேடி வாங்கித் தந்தது. குதிக்காலில் கொப்புளங்கள் உடைந்திருந்தபடியால் சப்பாத்தும் போடவில்லை. இந்தக் கோலத்தில், ஊன்றுகோலைப் பக்கத்தில் சாத்திவைத்துவிட்டு, விடுதி வாசல் வாங்கில் குந்தியிருந்து ஒரு பெரிய சீஸ் கட்டியைப் பாண் இல்லாமலே தின்றுகொண்டிருந்தேன்.

அது என் ஓய்வு நாள். சுவிஸ் நாட்டின் கிழக்கு மூலையில் தொடங்கி, கணவாய் கணவாயாக ஏறி இறங்கி, மேற்கே லெமான் ஏரிவரைக்கும் நடப்பது என்று கிளம்பியிருந்தேன். பாதி வழி முடிந்திருந்தது. என்னைப் போன்ற நெடுநடைக்காரர்கள் இந்தப் பள்ளத்தாக்குக் கிராமங்களில் ஒருநாள் தங்கிப் போவது வழக்கம். அந்த நாளில் தின்பார்கள், தோய்ப்பார்கள், சுவரில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு கிடப்பார்கள். அன்றைக்கு ஒருவரிடம் போய், "கொஞ்சம் நடந்திட்டு வருவமோ?" என்று கேட்டால் கொலை விழும்.

ஏன் நடந்தேன் என்றால், பெரிய கதை ஒன்றும் இல்லை. பேர்ணில் ஓர் ஆஸ்பத்திரிக் குசினியில் சமையல் வேலை செய்கிறேன். சீனி வருத்தம் எட்டிப் பார்க்கிறது, தினமும் அரை மணித்தியாலம் நடவுங்கள் என்று டொக்டர் சொன்னார். நான் எதையும் அளவோடு செய்து பழகாதவள். அரை மணி ஒரு மணியாகி, பிறகு ஞாயிற்றுக்கிழமை முழுவதுமாகி, கடைசியில் சேர்த்துவைத்த லீவையெல்லாம் ஒன்றாகப் போட்டுக்கொண்டு மலை ஏறிவிட்டேன். நடக்க நன்றாக இருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் இந்த 'அவ்வளவுதான்' எங்கள் ஆட்களிடம் செல்லாது. வழியில் ஒரு தமிழ் முகத்தைக் கண்டால் முதல் கேள்வியே, "என்ன நேர்த்தி?" என்பதுதான். யாழ்ப்பாணத்திலிருந்து கதிர்காமத்துக்கு நடக்கிறவர்களை அவர்களுக்குத் தெரியும். பிள்ளை வரத்துக்கு நடப்பார்கள், வருத்தம் மாற நடப்பார்கள், காணி வழக்கு வெல்ல நடப்பார்கள். நேர்த்தி ஒன்றும் இல்லை, சும்மா நடக்கிறேன் என்று சொன்னதும் முகம் மாறிவிடும். குரலைத் தாழ்த்தி, "வீட்டிலை ஏதும் பிரச்சினையோ?" என்று கேட்பார்கள். ஒரு அண்ணை சமாதானம் பேசி வைக்க என் மனுசனின் போன் நம்பரைக்கூடக் கேட்டார். அதற்குப் பிறகு யார் கேட்டாலும், "ஓம், நேர்த்திதான்" என்று சொல்லப் பழகிவிட்டேன். பெரிய கரைச்சல் மிச்சம்.

அன்றைக்கு விடுதி வாசலைக் கூட்டிக்கொண்டு வந்தவள் ஒரு தமிழ்ப் பெண். நாற்பதைத் தாண்டியிருப்பாள். அறை துப்புரவாக்குகிறவர்கள் போடுகிற நீலச் சட்டை. என்னைக் கண்டதும் தும்புத்தடி அந்தரத்தில் நின்றது. வெறுங்கால், காவி, கையருகே கோல். அவள் மெல்லக் கிட்ட வந்து, கோயிலுக்குள் கதைக்கிற குரலில் கேட்டாள்.

"அக்கா, நேர்த்தியோ?"

வாய் நிறையச் சீஸ். தலையை ஆட்டினேன்.

"எந்தக் கோயிலுக்கு?"

மேற்குப் பக்கமாகக் கையைக் காட்டினேன். அந்தப் பக்கத்தில் எங்கேயாவது ஒரு கோயில் இருக்கத்தானே செய்யும்.

"மத்தியானம் எங்கடை வீட்டை சாப்பிட வாறியள். மாட்டன் எண்டு சொல்லப்படாது. நேர்த்தியிலை போறவைக்குச் சோறு குடுக்கிறது எங்களுக்குத்தான் புண்ணியம்."

நான் ஏன் மாட்டேன் என்று சொல்லப்போகிறேன்? வாரக்கணக்கில் பாணும் சீஸும் பொடிச் சூப்பும் தின்ற வாய் இது. சோறு என்ற சொல்லைக் கேட்டவுடனேயே எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவள் வீடு பாண் சுடுகிற வெதுப்பகத்துக்கு மேலே, மூன்றாம் மாடியில். முதல் மாடி ஏறும்போதே மணம் வந்துவிட்டது. ஆட்டிறைச்சிக் கறி. கறுவா, ஏலக்காய், நன்றாக வறுத்த தூள், தேங்காய்ப்பால் வற்றி எண்ணெய் மிதக்கிற கட்டத்து மணம். நான் படிக்கட்டுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். என் கால் நோகிறது என்று நினைத்து அவள் கையைக் கொடுத்தாள்.

மனுசன் பக்கத்து ஊர் ஹோட்டல் குசினியில் வேலை, பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம், வீட்டில் அவள் மட்டும்தான். என்னைக் கதிரையில் இருத்தி, கோப்பை வைத்து, சோறு போட்டாள். பருப்பு வந்தது. பூசணிக்காய் வந்தது. கரட் சம்பல் வந்தது. சொதி வந்தது. அடுப்பின் மேல் ஒரு பெரிய சட்டி மூடிக் கிடந்தது. மூடிக்கு மேல் ஒரு கல்லுரலும் ஏற்றி வைத்திருந்தாள், மணம் வெளியே வராமல் இருக்க.

"மணக்குதோ அக்கா? குறை நினையாதேங்கோ. ரா முழுக்க நித்திரை இல்லை, கை சும்மா இருக்குதில்லை. விடியவெள்ளனை எழும்பி உதைக் காய்ச்சிப்போட்டன். உங்களுக்கு வேற சட்டி, வேற அகப்பை. ஒண்டும் படேல்லை. நீங்கள் பயப்பிடாமல் சாப்பிடுங்கோ."

"சந்தோசம்," என்றேன். எனக்கு வந்த துக்கத்தை எந்தப் பிள்ளையாரிடம் சொல்லி அழுவது? பூசணிக்காயைப் பிசைந்துகொண்டு, ஏன் நித்திரை இல்லை என்று கேட்டேன்.

அவள் முன் கதிரையில் இருந்தாள். அன்றைக்குப் பின்னேரம் ஆறு மணிக்கு அவளுக்குக் கெமைண்டே என்கிற ஊராட்சி அலுவலகத்தில் பிரஜாவுரிமை நேர்காணல். போன முறை வீட்டில் நாலு பேரும் சேர்ந்து போனார்களாம். மனுசனுக்குச் சரி, பிள்ளைகளுக்குச் சரி, இவளை மட்டும் ஒதுக்கிவைத்துவிட்டார்கள்.

"இவர் எனக்கு மலையளின்ரை பேர் எல்லாம் பாடமாக்கித் தந்தவர். இடப்பக்கத்திலை இருந்து வலப்பக்கம் மட்டும். நான் ஒண்டும் விடாமல் சொன்னன் அக்கா. பிறகு ஒரு மனுசி சிரிச்சுக்கொண்டு கேட்டா, 'இதிலை எதுக்குப் போயிருக்கிறியள், எது உங்களுக்குப் பிடிக்கும்?' எண்டு. நான் ஒண்டுக்கும் போகேல்லை. இருவது வருசமாய் யன்னலாலைதான் பாக்கிறன். எனக்கு வாய் ஒட்டிப்போச்சு. அதுக்குப் பிறகு அவை கேட்ட ஒண்டுக்கும் வாய் திறக்கேல்லை."

"அதுக்கோ விட்டவை?"

"ஊரோடை சேரேல்லையாம். வீட்டிலை பிள்ளையள் பகிடி பண்ணுதுகள், 'அம்மா மட்டும்தான் வெளிநாட்டு ஆள்' எண்டு. பகிடிக்குத்தான். ஆனா எனக்குச் சுடுது. இந்த முறையும் விட்டால் நான் இனிப் போகமாட்டன். சத்தியமாய்ப் போகமாட்டன். அந்த மேசைக்கு முன்னாலை இன்னொருக்கா இருக்க என்னாலை ஏலாது." அவள் என் கையைப் பிடித்தாள். "உங்கடை நேர்த்தியிலை எனக்கும் ஒரு தேங்காய் உடைச்சு விடுங்கோ அக்கா."

பிசைந்த பூசணிக்காயைக் கோப்பையிலேயே விட்டுவிட்டேன்.

"தங்கச்சி, கோவிக்காதை. நான் ஒரு கோயிலுக்கும் போகேல்லை."

"அப்ப?"

"நடக்கிறன்."

"எங்கை?"

"ஒரு இடமும் இல்லை. சும்மா."

"சும்மாவோ?"

"சும்மா."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அப்ப என்னத்துக்கு இவ்வளவு நேரமும் பூசணிக்காயைத் திண்டனியள்?"

கல்லுரலைத் தடாரென்று இறக்கினாள். மூடியைத் திறந்தாள். ஒரு பெரிய அகப்பை நிறைய எலும்பும் சதையுமாக அள்ளி என் சோற்றின் மேல் கொட்டினாள். "பொய் சொன்னனியள் எண்டாலும் பசி பசிதானே," என்றாள். தின்றேன். இரண்டாம் தரமும் போட்டாள், அதையும் தின்றேன். அந்தக் கறியைப் பற்றி இன்றைக்கும் என் மனுசனிடம் சொல்வதில்லை, வீண் சண்டை வரும்.

"வீட்டிலை பிரச்சினை ஒண்டும் இல்லையோ?"

"இல்லை. காலமையும் மனுசன் போன் எடுத்துச் சீரகப் போத்தில் எங்கை எண்டு கேட்டவர்."

அவள் யன்னலுக்கு வெளியே பார்த்தாள். கீழே ஒரு வெள்ளைக்காரக் கிழவனும் கிழவியும் முதுகுப்பையும் கோலுமாக மலைப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள்.

"அப்ப நீங்கள் உவையளின்ரை கட்சி. விசருக்கு நடக்கிற ஆள்."

"ஓம்."

"எழும்புங்கோ. என்னையும் ஒரு மலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ."

"ஐயோ, இண்டைக்கு என்ரை ஓய்வு நாள்! என்ரை காலைப் பார்."

"என்ரை இறைச்சியைத் திண்டனியள்," என்றாள்.

விடுதிக்குத் திரும்பிப் போய், குதிக்காலுக்குப் பிளாஸ்டர் ஒட்டி, சப்பாத்துக்குள் காலைத் திணித்தேன். உடுப்பு இன்னும் ஈரம், மழைக்கோட்டோடேயே ஏறவேண்டியதாயிற்று. உள்ளே வியர்த்து ஊற்றியது. அவள் மகளின் விளையாட்டுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வந்தாள். மஞ்சள் வழிகாட்டிப் பலகை மேலேயுள்ள புல்வெளிக்கு ஒரு மணித்தியாலம் என்று காட்டியது. அது சுவிஸ் கால்களின் கணக்கு. எங்களுக்குப் பாதி வழிக்கே அவ்வளவும் போனது.

"மேலை என்ன இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

"ஒண்டும் இல்லை."

"பிறகு?"

"திரும்பி வாறது."

"கடவுளே, படிச்ச சனம் செய்யிற வேலை."

எதிரே இறங்கிவந்த ஒரு பெண்மணி எங்களைப் பார்த்துச் சிரித்து வணக்கம் சொல்லிவிட்டுப் போனாள். இவள் நின்றுவிட்டாள். "உந்த அம்மாவின்ரை அறையைத்தான் காலமை துடைச்சனான். அப்ப ஒரு சொல்லு இல்லை. இஞ்சை மட்டும் ஏன் சொல்லுறா?"

"மலையிலை காணுற எல்லாருக்கும் வணக்கம் சொல்லுறது வழமை."

"எந்த உயரத்திலை இருந்து தொடங்குவினம்?"

இத்தனை தூரம் நடந்த எனக்கு அது தெரியாது. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் அவள் புல்லில் குந்திவிட்டாள்.

ஏறும்போது நான் அவளுக்கு வசனங்கள் சொல்லிக் கொடுத்தேன். கேட்டால் என்ன சொல்லவேண்டும்? காட்சி மிகவும் அழகு. காற்று சுத்தம். இங்கே வந்தால் மனதுக்கு அமைதி. அவள் மூச்சிரைக்க இரைக்க ஜேர்மனில் திருப்பிச் சொன்னாள். 'அமைதி' என்று சொல்லி முடிக்கவும் மேய்ச்சல் நில வேலிப் படலைக்குள்ளிருந்து ஒரு மாடு எழும்பிப் பாதைக்கு நடுவில் வந்து நிற்கவும் சரியாக இருந்தது. அவள் என் மழைக்கோட்டைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தாள்.

"ஊரிலை நீ மாடு பாத்ததில்லையோ?"

"எங்கடை வீட்டிலை ரண்டு நிண்டது. அதுகளுக்குத் தமிழ் விளங்கும்!"

நான் பேர்ண் ஜேர்மனில் மாட்டோடு கொஞ்சிப் பேசி அதை நகர்த்தினேன். மேலே போனபோது அங்கே ஒரு மரவாங்கு இருந்தது, எதிரே பள்ளத்தாக்கு முழுவதும் கிடந்தது. இப்படியான காட்சியை எத்தனை தரம் பார்த்தாலும் எனக்கு நெஞ்சு நிறையும். அவள் இருந்தாள், பார்த்தாள்.

"குளிருது," என்றாள்.

கொஞ்ச நேரத்தில் அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று நினைத்துத் திரும்பினால், அழுகிறாள். "நாலு பேரிலை நான் மட்டும் என்ன பிழை விட்டனான் அக்கா? வேலைக்குப் போனன், பிள்ளையளைப் பாத்தன். பின்னேரம் கால் கடுக்கும், படுத்திடுவன். ஆரோடை நான் சேர்ந்து மலை ஏறுறது?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த மேசையில் இருந்தவர்கள் மேலே அப்படி ஒரு கோபம். ஒரு மனுசியிடம் எந்த மலை பிடிக்கும் என்று கேட்டு, அதை வைத்து நாட்டுக்குள் எடுப்பதா விடுவதா என்று பார்க்கிறார்களே! கெட்ட வார்த்தை நாலு சொன்னேன், யாழ்ப்பாணத்தில் சொல்கிற மாதிரியே. பள்ளத்தாக்கு நன்றாக எதிரொலித்தது. அவள் பயந்து என் வாயைப் பொத்தினாள்.

இறங்கும்போதுதான் வினை. அதே மாடு இப்போது தன் இனசனம் நாலைந்தையும் கூட்டிவந்து படலையை அடைத்துக்கொண்டு படுத்திருந்தது. என் ஜேர்மன் இந்த முறை எடுபடவில்லை. சரிவு வழியாகச் சுற்றிப் போனோம். அவள் வழுக்கி, சாணிக்குள் அப்படியே இருந்துவிட்டாள். முழங்கால்வரை சேறு, பின்பக்கம் முழுவதும் பச்சை. கீழே தேவாலய மணி ஐந்தரைக்கு அடித்தது. ஆறுக்கு இன்னும் அரை மணிதான் இருந்தது. நாங்கள் இன்னும் காட்டுக்குள் நின்றோம்.

ஓடினோம். ஓய்வு நாளில், உடைந்த கொப்புளத்தோடு, மலையிறக்கத்தில் ஓடிய ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். வீட்டில் மினுக்கி வைத்த வெள்ளைச் சட்டையும் கறுப்புக் காற்சட்டையும் அவளுக்காகக் காத்துக் கிடந்தன. எடுக்க நேரமில்லை. கெமைண்டே வாசலில் அவள் என் முகத்தைப் பார்த்தாள். நான் என் கைலேஞ்சியைத் தண்ணீரில் நனைத்துச் சாணியைத் துடைக்கப்போக, உள்ளேயிருந்து யாரோ அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். அப்படியே போனாள். கதவு மூடும்வரைக்கும் அந்தப் பச்சைப் பின்பக்கம் எனக்குத் தெரிந்துகொண்டேயிருந்தது.

வெளியே தண்ணீர்த் தொட்டிக் கரையில் நான் இருந்த இருப்பை என்னவென்று சொல்வது? அவளை நான்தான் கெடுத்தேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். பேசாமல் பூசணிக்காயைத் தின்றுவிட்டு, தேங்காய் உடைக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம். "பிள்ளையாரே," என்றேன் வாய்விட்டே, "இவளுக்கு இதைக் குடுத்துவிடு. மிச்சம் நடக்கிற தூரமெல்லாம் உன்ரை கணக்கு." என் வாழ்க்கையில் நான் வைத்த முதல் நேர்த்தி அது. பக்கத்தில் போத்தலில் தண்ணீர் பிடித்த ஒரு சைக்கிள்காரன் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றான்.

ஒரு வழியாக வெளியே வந்தாள்.

"என்ன கேட்டவை?"

"முதல் காற்சட்டையைப் பாத்தவை. அதிலை ஒருத்தர் பால்பண்ணைக்காரர். 'இது எங்கை பிடிச்சது?' எண்டு கேட்டார். நான் சொன்னன்."

"என்ன சொன்னனி? காட்சி அழகு எண்டோ?"

"அது மறந்துபோச்சு. உள்ளதைச் சொன்னன். இண்டைக்குத்தான் முதல் தரம் ஏறினனான், மாட்டைக் கண்டு பயந்தனான், மேலை குளிர், இறங்கேக்கை சாணிக்கை இருந்திட்டன் எண்டு. அந்தாள் சிரிச்சுச் சிரிச்சு, 'அது என்ரை மாடு' எண்டு சொல்லுறார். பிறகு அந்த மனுசி கேட்டா, 'திரும்பவும் ஏறுவியளோ?' எண்டு."

"நீ?"

"உயிர் உள்ளவரைக்கும் இல்லை எண்டு சொன்னன்."

நான் தலையில் கை வைத்தேன். "அதுக்கு அவை?"

"சிரிச்சவை. பிறகு குப்பை எந்த நாளிலை வைக்கிறது, வோட்டு எப்பிடிப் போடுறது எண்டு கனக்கக் கேட்டவை. எல்லாம் சொன்னன் அக்கா. வாய் நிக்கவே இல்லை. முடிவு பிறகு அறிவிப்பினமாம்."

இரவு அவள் மனுசனும் பிள்ளைகளும் அவளைச் சுற்றியிருந்து கதை கேட்டார்கள். மிச்ச இறைச்சியையும் சேர்ந்து முடித்தோம். அடுத்த நாள் காலை நான் கிளம்பினேன். முந்தின நாளைவிட மோசமாகக் கால் நொந்தது. ஆனால் சொன்ன சொல் இருக்கிறதே, ஒவ்வொரு கணவாயிலும் பிள்ளையாருக்குக் கணக்குக் காட்டிக்கொண்டே போனேன். வழியில் யாராவது என்ன நேர்த்தி என்று கேட்டால், இப்போது நின்று விரிவாகச் சொல்லமுடிந்தது. ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்து கொஞ்ச நாளில் அவளிடமிருந்து போன் வந்தது. கெமைண்டே சம்மதித்துவிட்டது. அதற்குப் பிறகும் கன்ரோன் என்கிற மாநில அரசு, மத்திய அரசு என்று எல்லாம் முடிந்து பாஸ்போட் கைக்கு வர அடுத்த வருடமாயிற்று.

போன கோடை விடுமுறையில் ஒரு மத்தியானம், நான் குசினியில் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டு நிற்கும்போது திரும்பவும் அவள் போன். பின்னால் ஒரே சத்தம்.

"அக்கா, நாங்கள் லண்டனிலை வந்து இறங்கியிருக்கிறம். இவரின்ரை தமக்கை வீட்டுக் கலியாணம். நான் என்ன செய்தன் தெரியுமோ? பழக்கத்திலை நேரை மற்ற வரிசையிலை போய் நிண்டிட்டன்."

"எந்த வரிசை?"

"நீள வரிசை, சுவிஸ் பாஸ்போட் இல்லாத ஆக்கள் நிக்கிறது. ஒவ்வொரு முறையும் இவை மூண்டு பேரும் முன்னுக்குப் போயிடுவினம், நான் தனிய நிண்டு கேள்வியெல்லாம் கேட்டு முடிஞ்சு பிறகுதான் வாறது. வரேக்கை பெட்டியெல்லாம் எடுத்து வைச்சுக்கொண்டு எனக்குக் காவல் நிப்பினம். இண்டைக்கு மகள் ஓடி வந்து, 'அம்மா, விசரோ உங்களுக்கு' எண்டு கையைப் பிடிச்சு இழுத்துக்கொண்டு போனவள்."

"இப்ப எங்கை நிக்கிறாய்?"

"பெட்டியள் சுத்தி வாற இடத்திலை. நான் இதை முந்தி ஒருக்காலும் பாத்ததில்லை அக்கா. எங்கடை பெட்டி இன்னும் வரேல்லை. நாலு பேரும் நிண்டு பாத்துக்கொண்டிருக்கிறம். இவர் அந்தரப்படுறார், வேற ஆரும் எடுத்துக்கொண்டு போயிட்டினமோ எண்டு. நான் சொல்லிப்போட்டன், ஆறுதலாய் வரட்டும், எனக்கு ஒரு அவசரமும் இல்லை எண்டு."